இருபத்திரண்டு நாள்

காவிரி கடைசியாக வந்து
உப்பாகிப் போகிற இடத்தில் என் ஷெட்.
ஜாம்பவானோடைக்குத் திரும்பும் வளைவு.
தகரக் கூரை, பன்னிரண்டு எஃகு மேசை,
தரையில் எப்போதும் விரற்கடை அளவு தண்ணீர்.
மேட்டூர் திறந்த சேதி பேப்பரில் வந்துவிடும்.
தண்ணீர் வருவதற்குப் பதினைந்து நாளாகும்,
அதுவும் எல்லா வருஷமும் இல்லை.

கிலோவுக்கு இவ்வளவு என்று
இறால் உரிக்கிறார்கள்
தும்காவிலிருந்து வந்த பதினாறு பெண்கள்,
உள்ளூர்க்காரிகள் நாலு பேர்.
தலை ஒரு கூடையில், தோல் ஒரு கூடையில்,
முதுகுநரம்பு ஊசிமுனையில்.

குவைத்தில், சால்மியாவில், என்னை ஒன்பது வருஷம்
சூசி என்றார்கள்.
எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவள் பெயர்.
கொச்சிக்காரியோ கொழும்புக்காரியோ, தெரியாது.
அவள் விட்டுப்போன செருப்பு, அவள் படுத்த பாய்,
அவள் பெயர்.
குணவதி என்பது பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது.
பாஸ்போர்ட் பாபாவின் அலமாரியில் இருந்தது.

அதனால்தான்
வந்திறங்கிய முதல் நாளே
பெயர் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன்.
பூல்மணி ஹெம்ப்ரம். தாலா சோரேன். லுக்கி மராண்டி.
"எல்லாம் ஹிந்திக்காரிதானே" என்ற சூப்பர்வைசரிடம்
அவர்கள் பேசுவது சந்தாலி என்றேன்.
சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.
குழம்பில் மீன்துண்டை எண்ணிப் போடக்கூடாது:
அது என் ஷெட்டின் முதல் சட்டம்.
இரண்டாவது சட்டம் இன்னும் எழுதவில்லை.
"ஆள் வைத்து வேலை வாங்கத் தெரியுதும்மா உங்களுக்கு"
என்றார் பேங்க் மேனேஜர்.
எங்கே கற்றேன் என்று கேட்கவில்லை.

இவ்வளவும் சொல்கிறேன்.
ஆதார் அட்டைகளை மட்டும்
வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

அட்வான்ஸ் வாங்கினவள் ராத்திரியோடு ராத்திரி
திருப்பூர் பஸ் ஏறினால் என்ன செய்வீங்க,
கேட்டார் கணக்கப்பிள்ளை ரெத்தினசபாபதி.
நியாயமாகத்தான் பட்டது.
தொலையாமல் பத்திரமா இருக்கும் என்று
பெண்களிடம் சொன்னேன்.
பாபாவும் அதையேதான் சொன்னார்,
அரபியில்.

தை பிறக்கிற சமயம். தூத்துக்குடி கம்பெனிக்கு
இரண்டு டன். வெள்ளிக்கிழமை விடியுமுன் லாரி.
அவர்களுக்கு ஊரில் சொஹராய்,
மாட்டுக்கு எண்ணெய் தடவுகிற பண்டிகை,
நம்ம மாட்டுப்பொங்கல் மாதிரி என்று
என் மொழியில் எனக்கு விளக்கினாள் பூல்மணி.
"லோடு ஏறட்டும், பார்க்கலாம்."
அவள் எதிர்த்துப் பேசவில்லை.
அலமாரியைப் பார்த்தாள்.
கைப்பிடியை. அப்புறம் சாவித்துளையை.
அப்புறம், ஒன்றும் பார்க்காதவள் போல, காலண்டரை.

அந்த வரிசை எனக்குத் தெரியும்.
அம்மா செத்த வாரம்
துணி மடித்து வைக்கிற சாக்கில்
தினம் நாலு தடவை
அதே வரிசையில்தான் நானும் பார்த்தேன்.

பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
திறந்து, அட்டைகளை மேசைமேல் கொட்டி,
"அவங்கவங்களுது எடுத்துக்குங்க" என்று
திட்டுகிற மாதிரி கத்தினேன்.
ஈரக் கைகள். அட்டையெல்லாம் இறால் வாடை.

ஏழு பேர் அன்றிரவே போனார்கள்.
லாரி முக்கால் லோடோடு போனது.
கம்பெனிக்காரன் போனில் பேசிய தமிழை
இங்கே எழுத முடியாது.
கணக்கப்பிள்ளை ஒரு வாரம்
கணக்கு மட்டும் பேசினார்.
என் வளையல் மாசி வரை அடகில் இருந்தது.
ஏழில் நாலு பேர் திரும்பினார்கள்.
பூல்மணி வரவில்லை.

பங்குனியில் போன் செய்தாள்.
நன்றி சொல்லப்போகிறாள் என்று
சேலையில் கை துடைத்துக்கொண்டு எடுத்தேன்.
"அக்கா, மூணு நாள் கூலி பாக்கி."
நோட்டைப் பார்த்தேன்.
ஆமாம், மூணு நாள்.
அனுப்பினேன்.

சால்மியாவில் எனக்கு
இருபத்திரண்டு நாள் சம்பளம் நிற்கிறது.
அந்த வீட்டு நம்பர் இன்னும் மனப்பாடம்.
ஒருநாளும் கேட்டதில்லை.